கிராம்ஃபோர்டு: பாவு நூலுக்காகக் கட்டிய ஆலை

கைத்தறி ஓடும் தெருவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பாவு வேறு, ஊடை வேறு. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. நாடாவில் ஏறிக் குறுக்கே போய்வருவது ஊடை. ஊடைக்குப் பெரிய பாரமில்லை. கொஞ்சம் தளர்வாக முறுக்கிய நூலே போதும். பாவின் பாடுதான் பெரும்பாடு. நாள் முழுக்க விறைப்பாக நிற்க வேண்டும், விழுது என்ற கண்ணி நூல்களிலும் அச்சு என்ற சீப்பிலும் ஆயிரக்கணக்கான தடவை உரசுப்பட வேண்டும், அறுந்துவிடவும் கூடாது. அதனால்தான் விடியற்காலையில் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டு ஆற்றுகிறார்கள்.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில், கிராம்ஃபோர்டு என்ற சிற்றூரில் 1771ல் எழுந்த நூற்பாலையின் கதையை இந்தப் பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். தண்ணீர் விசையால் வெற்றிகரமாக ஓடிய முதல் பருத்தி நூற்பாலை என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பேச்சில் சக்கரம் வரும், இயந்திரம் வரும், ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்ற முதலாளியின் சாமர்த்தியம் வரும். பாவு மட்டும் வராது. அதை விட்டுவிட்டால், அந்த ஆலை எதற்காக வந்தது என்பதே பிடிபடாது.

சரி, அதற்குச் சுமார் எண்பது வருடம் பின்னால் போவோம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் இந்தியத் துணி என்றால் பித்து. கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கிய காலிகோ, சோழமண்டலக் கரையில் சாயமேற்றிய சீட்டித் துணி எல்லாம் கப்பல் கப்பலாகப் போயின. பருத்தித் துணி லேசானது, துவைத்தாலும் சாயம் போகாது. கம்பளி உடுத்திப் பழகியவர்களுக்கு அது ஓர் அதிசயம். அந்த ஊர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் வயிற்றில் அடி விழுந்தது. அவர்கள் போட்ட சத்தத்தில் 1700ல் ஒரு சட்டம், 1721ல் இன்னொரு சட்டம். முதல் சட்டம், அச்சடித்த இந்தியத் துணியை உள்நாட்டில் விற்பதற்காக இறக்குமதி செய்வதைத் தடுத்தது. இரண்டாவது சட்டம் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது. ஆனால் வாங்கி வெளிநாட்டுக்கு மறுபடி விற்கத் தடையில்லை. அதனால் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் நெசவாளர்களைத் தேடிக் குடியமர்த்திக்கொண்டேதான் இருந்தது. 1734ல் உருவான சின்னத் தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை, அப்படி வந்த ஊர்தான்.

தடை இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. அப்படியானால் இங்கிலாந்திலேயே பருத்தித் துணி நெய்துகொள்ள வேண்டியதுதானே? முடியவில்லை. காரணம் பாவு. இங்கிலாந்தின் ராட்டினங்களில் நூற்ற பருத்தி நூல் பாவு கட்டும் அளவுக்கு உறுதியாக வரவில்லை. சோழமண்டலத்துக் கிராமப் பெண்களின் விரல்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருந்த வேலை அது. இங்கிலாந்தின் நெசவு வட்டாரமான லங்காஷயரின் விரல்களுக்குப் பழகவில்லை. ஆகவே பாவுக்கு ஆளிச் செடியின் நாரான லினன் நூல், ஊடைக்குப் பருத்தி என்று கலந்து நெய்தார்கள். ஃபஸ்டியன் என்று அதற்குப் பெயர். 1736ல் வந்த சட்டம் இந்தக் கலப்புத் துணிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 1760களின் நடுவில் ஹார்கிரீவ்ஸ் என்பவர் செய்த ஸ்பின்னிங் ஜென்னி, நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்கள் பலவற்றை ஒரே ஆள் ஓட்ட வழி செய்தது. ஆனால் அது தந்ததும் தளர்ந்த நூல், ஊடைக்குத்தான் ஆகும்.

உறுதியான பாவு நூலுக்கு வழி, உருளைகளில் இருந்தது. கையால் நூற்கும்போது, பஞ்சுப் பட்டையை விரல்களால் இழுத்து மெலிதாக்கி முறுக்கு ஏற்றுகிறோம். விரல்களுக்குப் பதிலாக இரண்டு ஜோடி உருளைகளை வைத்துப் பாருங்கள். முதல் ஜோடி மெதுவாகச் சுற்றி பஞ்சுத் திரியை உள்ளே விடுகிறது. அடுத்த ஜோடி வேகமாகச் சுற்றி அதை இழுக்கிறது. வேக வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்குத் திரி மெலிகிறது. அப்புறம் கதிர் முறுக்கு ஏற்றி நூலாகச் சுற்றிக்கொள்கிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. 1738லேயே லூயிஸ் பால் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஜான் வயட் அவருக்குக் கூட்டாளி. 1742 வாக்கில் நார்தாம்ப்டனில் அந்த இயந்திரங்களைத் தண்ணீர் விசையால் ஓட்டும் ஓர் ஆலைகூட நடந்தது. லாபமில்லாமல் மூடிப்போனது. (அதனால்தான் கிராம்ஃபோர்டைப் பற்றிச் சொல்லும்போது 'வெற்றிகரமான' என்ற சொல்லை விழுங்கிவிடக் கூடாது.) உருளைகளுக்கு நடுவே விடும் இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. அது பஞ்சின் இழை நீளத்துக்கு ஒட்டியதாக இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் ஒரே இழையை இரண்டு ஜோடியும் பிடித்துக்கொண்டு அறுத்துவிடும். கூடினால் இழைகள் பிடியில்லாமல் நடுவில் மிதந்து, நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். மேல் உருளையை எடை தொங்கவிட்டு அழுத்தவும் வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கு பின்னால் ஏறிப்போய் இழுப்பையே கெடுக்கும். இதையெல்லாம் சரியாக அமைத்ததுதான் ஆர்க்ரைட் இயந்திரத்தின் உயிர்.

ஆர்க்ரைட் 1732ல் பிரெஸ்டன் நகரில் ஒரு தையற்காரர் வீட்டில் பிறந்தவர். தொழில் முடிதிருத்துவது. பொய்முடி செய்வதற்காக ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் தலைமுடி வாங்கி, அதற்குச் சாயமும் ஏற்றி விற்றார். அந்தச் சுற்றலில்தான் வாரிங்டன் ஊர்க் கடிகாரக்காரர் ஜான் கே பழக்கமானார். பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்த ஜான் கே வேறு ஆள். பெயர் ஒற்றுமையால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தக் கே அதற்கு முன் தாமஸ் ஹைஸ் என்பவருக்கு உருளை இயந்திரம் ஒன்றைச் செய்து பார்த்திருந்தார். அது எப்படி ஆர்க்ரைட் கைக்கு வந்தது என்பதே பின்னாளில் நீதிமன்றத்தில் பெரிய வழக்காயிற்று. 1769ல் காப்புரிமை ஆர்க்ரைட் பெயரில் பதிவானது.

முதல் ஆலை நாட்டிங்ஹாமில். காலுறை பின்னும் தொழில் நிறைந்த ஊர் அது, பருத்தி நூலுக்கு அங்கே கிராக்கி. இயந்திரங்களைக் குதிரைகள் சுற்றின. பணம் போதாமல், காலுறைத் தொழிலில் பணம் பார்த்திருந்த ஜெடிடையா ஸ்ட்ரட், சாமுவேல் நீட் இருவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். குதிரைக்குத் தீனி போட்டு மாளாது. ஆற்றுக்குத் தீனி தேவையில்லை.

கிராம்ஃபோர்டு இருக்கும் டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. அதே ஆற்றின் கீழ்ப்போக்கில் டெர்பி நகரத்தில் லோம்ப் சகோதரர்களின் பட்டு முறுக்கும் ஆலை 1721லிருந்து தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இயந்திரங்களின் அமைப்பை ஜான் லோம்ப் இத்தாலியில் உளவு பார்த்துக் கொண்டுவந்தார் என்பார்கள். பல மாடிக் கட்டடம், ஒரே சக்கரம், வரிசை வரிசையாக ஆட்கள் என்ற ஏற்பாடு அங்கேயே தயார். ஆனால் பட்டு பணக்காரர் சரக்கு. அதன் சந்தை சின்னது.

டெர்பியிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது கிராம்ஃபோர்டு. 1771 ஆகஸ்டில் ஆர்க்ரைட் அங்கே இடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். கவனிக்க வேண்டியது, அவர் முதலில் டெர்வென்ட் ஆற்றைத் தொடவே இல்லை. பெரிய ஆறு வெள்ளத்தில் மிரட்டும், அணை கட்டச் செலவும் அதிகம். அவர் எடுத்துக்கொண்டது போன்சால் ஓடையையும், கிராம்ஃபோர்டு சஃப் என்ற சுரங்க வடிகாலையும். அந்த மலைகளில் ஈயச் சுரங்கங்கள் ஏராளம். ஊறும் தண்ணீரை வெளியேற்ற மலையைக் குடைந்து நீளமான வாய்க்கால் வெட்டுவார்கள், அதுதான் சஃப். நிலத்துக்கு அடியிலிருந்து வருவதால் அந்தத் தண்ணீர் சற்று வெதுவெதுப்பாக இருக்கும், குளிர்காலத்திலும் உறையாது. மழை பொய்த்தாலும் சட்டென்று வற்றாது. சுரங்கக்காரர்களுக்கு அது கழிவு, தொலைந்தால் போதும் என்று வெளியே விட்டது. இந்தத் தண்ணீரின் கதைக்குக் கடைசியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இன்னொரு வசதி ஆட்கள். ஆண்கள் ஈயச் சுரங்கத்துக்குப் போய்விட, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கூலி வேலை குறைவு. ஆனாலும் சிற்றூரில் எத்தனை பேர் கிடைப்பார்கள்? 1771 டிசம்பரில் டெர்பி பத்திரிகை ஒன்றில் ஆர்க்ரைட் கொடுத்த விளம்பரம் இந்த ஆலையைப் பற்றி நிறையச் சொல்கிறது. பல்சக்கர வேலை தெரிந்த கடிகாரக்காரர்கள் வேண்டும், கொல்லர் வேண்டும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. 1781ல் கொடுத்த இன்னொரு விளம்பரத்தில், பெரிய குடும்பம் உள்ள நெசவாளர்கள் வேண்டும் என்றே கேட்டார். அந்த விளம்பரத்தில் 'பெரிய குடும்பம்' என்பதற்குப் பொருள் பிள்ளைகள். நூற்கப் பிள்ளைகள், அந்த நூலை வீட்டில் நெய்ய அப்பா.

நார்த் ஸ்ட்ரீட் என்று அவர் கட்டிக்கொடுத்த தெரு இன்றும் நிற்கிறது. கல்லால் கட்டிய மூன்று மாடி வீடுகள், மேல்மாடியில் மட்டும் நீளமான ஜன்னல்கள். தறி போட்டது அங்கேதான். நெசவுக்கு வெளிச்சம் வேண்டுமே. கீழே சமையல், நடுவில் படுக்கை, மேலே தறி. விடிந்தால் தாயும் பிள்ளைகளும் ஆலைக்கு. ஏழு வயதுப் பிள்ளைகள்கூட இருந்தார்கள். அறுந்த நூலைப் பிணைப்பது, உருளைக்கடியில் சேரும் பஞ்சுத் தூசியைத் துடைப்பது என்று சின்னக் கைகளுக்குத் தோதான வேலை. ஆலை இரவும் பகலும் இரண்டு ஷிப்ட் ஓடியது. ஓவியர் ஜோசப் ரைட் 1780களின் தொடக்கத்தில் வரைந்த காட்சியில், நிலா வெளிச்சத்து மலைகளுக்கு நடுவே ஆலையின் ஜன்னல்கள் எல்லாம் மஞ்சளாக எரிகின்றன. விளக்குச் செலவைப் பார்த்து இருட்டியதும் படுத்துவிடும் கிராமங்களுக்கு நடுவே அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஓவியம் அழகுதான். உள்ளே அந்த நேரம் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு அது பன்னிரண்டு மணி நேர வேலை.

பண்ணையில் வேலை செய்தவனுக்குச் சூரியன்தான் கணக்கு. ராட்டினத்தில் நூற்றவள் சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே நூற்றாள். சஃப் தண்ணீர் நிற்காமல் வருகிறது, சக்கரம் நிற்காமல் சுற்றுகிறது, அப்படியானால் கதிர்களுக்கு முன்னால் ஆள் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் முதலாளிக்கு நஷ்டம். மணி அடிப்பதும், கதவை நேரத்துக்கு அடைப்பதும் இதிலிருந்து வந்த பழக்கங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் மில் சங்கை வைத்துச் சமையல் நேரம் பார்த்த பாட்டிகளுக்கு இந்த வாழ்க்கை புதிதல்ல.

ஆனால் இவ்வளவுக்கும் இயந்திரம் கட்டாயப்படுத்தியதா? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. காப்புரிமைக்கு ஆர்க்ரைட் காட்டிய மாதிரியில் நான்கே கதிர்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துக் கையால் சுற்றியிருக்கலாம். அவர் பிறருக்கு உரிமம் விற்றபோது ஆயிரம் கதிர் கொண்ட ஆலைக்குக் குறைவாகக் கொடுக்கமாட்டேன் என்று வைத்துவிட்டார். ஆயிரம் கதிரை ஓட்டக் குதிரை கட்டுபடியாகாது, தண்ணீர் வேண்டும். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஆட்கள் போக வேண்டும். வாட்டர் ஃபிரேம் என்ற பெயரே அந்த இயந்திரத்துக்கு அப்படித்தான் நிலைத்தது. ஆகவே ஆலை என்ற ஏற்பாட்டில் பாதி இயற்பியல், பாதி ஆர்க்ரைட்டின் வியாபாரக் கணக்கு. பிறருடைய யோசனையை எடுத்துக்கொண்டவர் என்று அவரைத் திட்டுவோரும், மேதை என்று கொண்டாடுவோரும் இந்தக் கணக்கைக் கவனிப்பது குறைவு.

இதற்கு ஒரு பின்குறிப்பு நம் பக்கத்தில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழகத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன், அதே உருளை இழுப்பு முறையைக் கைராட்டைக்குள் கொண்டுவந்தார். அவர் பெயரால்தான் அதற்கு அம்பர் சர்க்கா என்று பெயர். சில கதிர்கள், ஒரு கை, வீட்டுக் கூடம். முடியாத காரியமாக அது இருக்கவில்லை.

பாவுக்கு வருவோம். கிராம்ஃபோர்டு நூல் உறுதியாக வந்ததும் 1773ல் ஸ்ட்ரட்டும் ஆர்க்ரைட்டும் பாவும் ஊடையும் பருத்தியாகவே நெய்து பார்த்தார்கள். துணி நன்றாக வந்தது. சட்டம் குறுக்கே நின்றது. இந்தியத் துணியை விரட்டப் போட்ட 1721 சட்டம் இப்போது உள்ளூர்த் துணியையே பிடித்துக்கொண்டது. பருத்திப் பாவு உள்ள துணி என்றால் அது இந்தியாவிலிருந்துதான் வரமுடியும் என்று சட்டம் நினைத்திருந்தது! நாடாளுமன்றத்தில் முறையிட்டு 1774ல் தனிச் சட்டம் வாங்கினார்கள். முழுப் பருத்தித் துணியை இங்கிலாந்தில் நெய்யலாம், அச்சடிக்கலாம், உடுத்தலாம். ஒரு நிபந்தனை: இந்தியத் துணி எது, உள்ளூர்த் துணி எது என்று தெரிய, உள்ளூர்த் துணியின் கரையில் மூன்று நீல நூல்கள் ஓட வேண்டும்.

அந்த மூன்று நீல நூல்கள் ஆலை வரலாற்றில் ஓர் அடிக்குறிப்புபோலக் கிடக்கின்றன. என்னைக் கேட்டால் சக்கரத்தைவிட அவற்றுக்கு எடை அதிகம். சோழமண்டலத் துணிக்கும் இங்கிலாந்துத் துணிக்கும் பார்வையில் வித்தியாசம் சொல்ல முடியாத நாள் வந்துவிட்டது, அதனால் அடையாளம் போட வேண்டியிருந்தது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட இடம் அது. மெல்லிய மஸ்லினுக்கு ஈடான நூலை 1779ல் கிராம்ப்டன் என்பவரின் மியூல் என்ற நூற்பு இயந்திரம் தந்தது தனிக் கதை.

வளர்ச்சி வேகமாக நடந்தது. 1776ல் கிராம்ஃபோர்டிலேயே இரண்டாவது ஆலை, 1783ல் இந்தத் தடவை டெர்வென்ட் ஆற்றின் மீதே செங்கல்லால் மாஸன் ஆலை. 1780களின் முடிவில் ஆர்க்ரைட்டின் கிராம்ஃபோர்டு ஆலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். பஞ்சு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் துருக்கிப் பக்கமிருந்தும் வந்தது. தீவுகளில் அதைப் பறித்தவர்கள் அடிமைகள். 1779ல் லங்காஷயரில் வேலையிழந்தவர்கள் திரண்டு சோர்லி ஊருக்கு அருகே பெர்க்கேகரில் இருந்த ஆர்க்ரைட் ஆலையைக் கொளுத்தினார்கள். கிராம்ஃபோர்டுக்கும் வருவார்கள் என்று பயந்து துப்பாக்கிகளும் பீரங்கியும் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் வரவில்லை. சாலையைப் பார்த்த கீழ்ச்சுவர்களில் ஜன்னலே இல்லாமல் கோட்டைபோல நிற்கும் கட்டடம் அந்தக் காலத்து மனநிலையைக் காட்டுகிறது.

காப்புரிமை வழக்கில் 1785ல் ஆர்க்ரைட் தோற்றார். ஹைஸும் கேயும் சாட்சி சொன்னார்கள். ஆனால் அதற்குள் அவர் சம்பாதித்துவிட்டிருந்தார். அடுத்த ஆண்டே அரசர் 'சர்' பட்டம் கொடுத்தார். 1792ல் இறக்கும்போது சொத்து சுமார் ஐந்து லட்சம் பவுன் என்று கணக்கு. ஆலைக்கு எதிரே மலைச்சரிவில் அவர் கட்டிக்கொண்டிருந்த மாளிகை 1791ல் தீப்பிடித்தது; குடிபோகாமலே போய்விட்டார்.

காப்புரிமை செத்ததும் ஆலைகள் முளைத்தன. அதற்கு முன்பே ஜெர்மனியில் ப்ருகெல்மான் என்பவர் ராட்டிங்கனில் ரகசியமாக இயந்திர அமைப்பை வரவழைத்து ஆலை கட்டி, கூச்சமே இல்லாமல் அந்த இடத்துக்கு 'கிராம்ஃபோர்டு' என்று பெயர் வைத்தார். ஸ்ட்ரட்டிடம் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர் 1789ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, நினைவிலிருந்தே இயந்திரங்களைக் கட்டி பாட்டக்கெட் ஊரில் நூற்பைத் தொடங்கினார். ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலைக்கு இடம் பார்க்கப் போனதில் ஆர்க்ரைட்டும் உண்டு. ஒரு நூற்றாண்டு கழித்து, 1880களில் ஹார்வி சகோதரர்கள் திருநெல்வேலிச் சீமையில் ஆலை போட பாபநாசத்தைத் தேடிப் போனதும் இதே கணக்குதான். நிலக்கரி தூரத்திலிருந்து வர வேண்டும், தாமிரபரணி மலையிலிருந்து சும்மா விழுகிறது. விக்கிரமசிங்கபுரம் அந்த ஆலையோடு வளர்ந்த ஊர். அதே கம்பெனியின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் வார விடுமுறையும் ஒரு கோரிக்கை.

இனி அந்தச் சுரங்கத் தண்ணீர். நீராவி வந்து தண்ணீர்ச் சக்கரங்களை ஒழித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். மான்செஸ்டருக்கு அது பொருந்தும். கிராம்ஃபோர்டைப் படுக்கவைத்தது நீராவி மட்டுமில்லை. ஈயச் சுரங்கங்கள் ஆழமாகப் போகப்போக, பழைய சஃப் பயன்படவில்லை. அதைவிடத் தாழ்வான மட்டத்தில் மீர்புரூக் சஃப் என்ற புது வடிகாலை மலைக்குள் நீட்டிக்கொண்டே போனார்கள். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தானே போகும்? மேலே ஆலைக்கு வந்துகொண்டிருந்தது குறையத் தொடங்கியது. ஆர்க்ரைட்டின் மகன், அவர் பெயரும் ரிச்சர்ட்தான், வழக்குப் போட்டார். அறுபது வருடத்துக்கும் மேலாக எங்கள் சக்கரத்தைச் சுற்றும் தண்ணீர் இது, அதைத் திருப்ப உங்களுக்கு உரிமை இல்லை என்பது வாதம். 1839ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஓடையோ ஆறோ என்றால் வேறு. இது சுரங்கக்காரர்கள் தங்கள் வசதிக்காக வெட்டிய வாய்க்கால், அவர்களுக்குத் தேவை இருக்கும்வரை வரும், எத்தனை வருடம் அனுபவித்தாலும் அதன்மேல் உரிமை பிறக்காது என்றது நீதிமன்றம். செயற்கை நீர்வழி பற்றிய ஆங்கிலச் சட்டத்தில் அது இன்றும் எடுத்துக்காட்டும் வழக்கு.

1840களில் கிராம்ஃபோர்டில் நூற்பு அநேகமாக நின்றுவிட்டது. ஆற்றைப் பிடித்துக்கொண்ட மாஸன் ஆலை மட்டும் 1928ல் சக்கரத்தை எடுத்துவிட்டு டர்பைன் வைத்து, 1991 வரை ஓடியது. பழைய கட்டடங்களுக்குள் பியர் தயாரிப்பும் சலவையும் வந்துபோயின. முதல் ஆலையின் மேல் இரண்டு மாடிகள் தீயில் போயின, இரண்டாவது ஆலை 1890ல் எரிந்தது. 1920களிலிருந்து வண்ணப்பொடித் தயாரிப்பு. 1979ல் ஆர்க்ரைட் பெயரிலான சங்கம் அந்த இடத்தை வாங்கியபோது, சுவரெல்லாம் ஈயக் குரோமேட் என்ற ஈயம் கலந்த வண்ணப்பொடி படிந்திருந்தது; சுத்தம் செய்யவே வருடக்கணக்கில் ஆயிற்று. ஈயச் சுரங்கத் தண்ணீரில் தொடங்கிய ஆலைக்கு ஈயம் இன்னொரு தடவை வந்து சேர்ந்தது. 2001ல் மாட்லாக் பாத்திலிருந்து டெர்பி வரை சுமார் 24 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

மீர்புரூக் சஃப் இன்னும் ஓடுகிறது. சுரங்கங்கள் மூடிவிட்டன, அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்து இப்போது வீட்டுக் குழாய்களுக்கு அனுப்புகிறார்கள். அதன் வாயிலில் உள்ள வளைவுக் கல்லில், அதை வெட்டத் தொடங்கிய ஃபிரான்சிஸ் ஹர்ட்டின் பெயர் முதலெழுத்துகளும் ஓர் ஆண்டும் பொறித்திருக்கின்றன. ஆண்டு 1772. மேலே, கிராம்ஃபோர்டில், முதல் பாவு நூல் இறங்கத் தொடங்கிய அதே ஆண்டு.